அம்மாவுக்கு வெள்ளையடித்தவன்

ஏப்ரல் 12

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்:

இன்று காலை, கடைத்தெரு முனையில் உள்ள போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில், இரண்டாவது கம்ப்யூட்டரின் முன்னால் கிடக்கும் ஒரு சக்கரம் இல்லாத நாற்காலியில், உன் தம்பியாகிய நான் முறைப்படி அமர்த்தப்பட்டேன். விழாவில் ஸ்டுடியோ மாஸ்டரும், டீ கொண்டுவந்தவரும், ஒரு பல்லியும் கலந்துகொண்டனர். பல்லி மட்டும் இரண்டு வார்த்தை பேசியது.

விளையாட்டில்லை அக்கா. லீவுக்குப் பொழுது போகட்டும் என்று மூன்று வாரம் முன்னால் போனவன் இப்போது வண்ணத் துறை அமைச்சர். ஜனங்கள் பழைய கருப்பு வெள்ளைப் படங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதை ஸ்கேன் பண்ணி, கீறலும் பூஞ்சையும் துடைத்து, மவுஸால் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே கலர் ஊற்ற வேண்டும். எலி பிடிப்பதில் இந்த ஊர்ப் பூனைகள் எல்லாம் என்னிடம் பாடம் கேட்கலாம். சாம்பலைப் பார்த்தாலே அதுக்கு அடியில் என்ன நிறம் படுத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். மாஸ்டர் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரருக்கு ரோஸ் கலரில் தொப்பி போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் போட்டதை இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

இப்போது தலைப்புச் செய்தி. நம்மிடம் இருக்கிற ஒரே ஒரு அம்மா படம் இருக்கே, தையல் கம்பெனியில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதற்குக் கலர் போட்டுவிட்டேன். அப்படியே எழுந்து வந்து 'சாப்ட்டியாடா' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒன்றரை வயசில் பறிகொடுத்த அம்மாவை மவுஸாலேயே மீட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், சும்மாவா? அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "இப்பதான் லட்சணமா இருக்கா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணி அடிக்க ஸ்டூலைத் தேடினார்.

பாப்பா பிறந்த நாளிலிருந்து நீயும் அப்பாவும் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டால் அவர் பேப்பருக்குள்ளே போய்விடுகிறார், நீ போனை வைத்துவிடுகிறாய். ஆகவே சமாதானத் தூதுவராக நான் களம் இறங்கிவிட்டேன். இன்னொரு பிரதி பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, உனக்கு இல்லை, உன் மாமியார் பெயருக்கே பார்சல் பண்ணிவிட்டேன். "நேரில் வர இயலாமைக்கு வருந்தி இவ்வாறு வருகிறார், உங்கள் சம்பந்தி" என்று சீட்டும் உள்ளே உண்டு. அத்தை அசந்து போவாங்க பார்.

இன்னும் முகம் பார்க்காத மாமன் சார்பில் பாப்பாவுக்கு ஒரு முத்தம், ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
வண்ணத் துறை அமைச்சர் (உனக்கு வாலு)


ஏப்ரல் 24

அமைச்சருக்கு,

அத்தை அசந்துதான் போனாங்க.

நான் சமையலறையில பால் பாட்டில் கழுவிட்டிருந்தேன். "இங்க வாயேன்"ன்னு கூப்பிட்டாங்க. போனா மேஜை மேல பிரிச்ச அட்டைப்பெட்டி, கையில சட்டம். "உங்கம்மாவா இது? பால் மாதிரி இருக்காங்களே!" அப்படின்னாங்க. அப்புறம் தொட்டில்ல இருக்கிற பாப்பாவைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. திரும்பப் பாப்பாவை. "அப்ப இது யாரு மாதிரி?"

கத்தலை. கத்தினா பதிலுக்குக் கத்தலாம். அவங்க எப்பவும் மெதுவாத்தான் கேப்பாங்க.

உனக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. பாப்பா நல்ல கருப்பு. எண்ணெய் தடவினா மின்னற கருப்பு, எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோகும். ஆனா நான் மாநிறம், உன் மாமா சிவப்பு, இந்த வீட்டுல திரைச்சீலை வரைக்கும் எல்லாமே வெளிர். பிறந்த அன்னைக்கே ஆஸ்பத்திரியில அத்தை நம்ம அப்பாகிட்ட கேட்டாங்க, "உங்க பக்கத்துல யாராவது இந்த நிறமா?"ன்னு. 'இவ அம்மா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். பேத்தியைத் தொடக்கூட இல்லை. அன்னையிலேர்ந்துதான் நான் அவர்கிட்ட பேசறதில்லை. போதுமா உன் தூதுவர் வேலைக்கு விவரம்?

அப்புறம் நானேதான் சொன்னேன். அம்மா நிறம், அம்மா நிறம்னு மாசக்கணக்கா சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமா நம்ப ஆரம்பிச்சிருந்தாங்க. போன மாசம் குளிப்பாட்டும்போது "பாட்டி கலரைத் தூக்கிட்டு வந்திருக்கியாடி"ன்னு அத்தை அவளைக் கொஞ்சினாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு அழுதேன், அவ்வளவு நிம்மதி.

அந்த நேரம் பார்த்து நீ கண்ணாடி போட்டு அனுப்பியிருக்க.

அம்மா முகத்துல வெள்ளை பூசி என் முகத்துல கரி பூசிட்ட. இப்ப நான் பொய் சொன்னவ, உன் படம் நிஜம். ஹால்ல மாட்டியிருக்காங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் "எங்க சம்பந்தி"ன்னு காட்டறாங்க. பெருமைக்குன்னு நினைச்சுக்காதே.

அக்கா


மே 2

அக்கா,

உன் கடிதத்தைக் கழிவறையில் வைத்துப் படித்தேன். வேறு எங்கேயும் தாழ்ப்பாள் இல்லை.

முதலில் என் தரப்பு. எனக்குப் பாப்பா நிறம் தெரியாது. சொன்னால்தானே தெரியும்? அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து "நல்லா இருக்கு"ன்னு மட்டும்தான் சொன்னார், என்னவோ ஹோட்டல் காபியைச் சொல்கிற மாதிரி. அம்மா நிறமும் எனக்கு யாரும் சொன்னதில்லை. இந்த வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேசினால் அப்பா எழுந்து போய் மோட்டார் போட்டுவிடுவார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் வீட்டில் யாரோ அம்மா பேச்சை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, தொழில் ரகசியம். மாஸ்டர் கம்ப்யூட்டரில் நாலு தோல் நிறம் எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 'கல்யாணப் பொண்ணு', 'மாப்பிள்ளை', 'பெரியவர்', கடைசியாக 'நிழல்'. முதலாவது ஏதோ சோப்பு விளம்பரத்திலிருந்து எடுத்தது. பெண் என்றால் அதைத் தொட்டு ஊற்றிவிட வேண்டியதுதான். இந்த ஊரில் செத்துப்போனவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தோல். "ஐயா, நிஜத்தில் இவங்க என்ன நிறம்னு கேட்க வேண்டாமா?" என்று முதல் வாரத்தில் கேட்டேன். "தம்பி, படத்தில் இருக்கிறவங்க சண்டைக்கு வரமாட்டாங்க. வாங்கிட்டுப் போறவங்கதான் வருவாங்க" என்றார்.

நாலாவது நிறம் மனுஷனுக்கு இல்லை. நாற்காலிக்கு அடியில் போடுவோம்.

அம்மாவுக்கும் கல்யாணப் பொண்ணு போட்டேன். ஆனால் பிடிக்கவே இல்லை. கலர் என்பது மேலே வைக்கிற கண்ணாடித்தாள் மாதிரி. அடியில் சாம்பல் அடர்த்தியாக இருந்தால் மேலே எதை ஊற்றினாலும் அழுக்காகத்தான் தெரியும். அதனால் முகத்தையும் கையையும் மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்சம் வெளுக்க வைத்தேன். அப்புறம் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது.

சரி, இப்போது சொல். அம்மா என்ன நிறம்? எதை மாதிரி? அதே படத்தைத் திரும்பப் போட்டுத் தருகிறேன். ஒரே மணி நேரம். நான் யாரு!

வாலு


மே 10

டேய்,

"கொஞ்சம் வெளுக்க வைத்தேன்"ன்னு எவ்வளவு சாதாரணமா எழுதியிருக்க! அடர்த்தியா இருந்துதுன்னு படமே உன்கிட்ட சொல்லியிருக்கு. நீ அதை அதட்டி வாயடைச்சிருக்க. சாம்பலைப் பார்த்தாலே தெரியும்னு பீத்திக்கிட்டவனும் நீதானே?

நான் அந்த மூலப் படத்தை அத்தைகிட்ட காட்டலாம்னு நினைச்சேன். அதை அனுப்ப வேண்டாம், அப்படி ஒண்ணு இருக்குன்னு வாயால சொல்லிப் பார்த்துட்டேன். "கருப்பு வெள்ளைப் படத்துல யார்தான் கருப்பா இல்ல?"ன்னு கேட்டுட்டாங்க.

அம்மா என்ன நிறம்னு கேக்கற. எனக்கு அப்ப ஒன்பது வயசு. நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா எதை மாதிரின்னு சொல்ல வரலை. மரம், மண்ணுன்னு என்னென்னவோ எழுதி அடிச்சேன். கடைசியில ஒண்ணு தோணுச்சு. அப்பாவோட பழைய தோல் பை ஞாபகம் இருக்கா? வேலைக்குக் கொண்டுபோவாரே. பரண்ல கிடக்கும். அதோட மேல்பக்கம் இல்ல, அது வெயில்ல வெளுத்துடுச்சு. மூடியைத் தூக்கினா உள்பக்கம், வெயில் படாத இடம். அதுதான். அம்மா சாயங்காலம் அந்தப் பையை வாங்கி வைக்கும்போது கை எங்க முடியுது, பை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. நான் அதைச் சொல்லிச் சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாங்க. அப்பா சிரிக்க மாட்டார்.

வீட்டு வாசலுக்கு வர்றவங்க அம்மாவை வேலைக்காரின்னு நினைச்சு, "ஐயா வீட்ல இருக்காரா?"ன்னு கேப்பாங்க. அம்மா "இருக்கார்"னு சொல்லிட்டு உள்ள போயிடுவாங்க. அப்பா வந்து பேசி அனுப்புவார். "அது என் சம்சாரம்"னு ஒரு நாள்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில பஸ்ஸுக்கு நேரமானது எனக்குப் புதுசில்லடா.

உன் மாமா பாப்பாவைத் தூக்கறது குறைஞ்சிருக்கு. முதுகு வலியாம். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கும்போது வலிக்கறதில்ல.

சீக்கிரம் அனுப்பு.

அக்கா


மே 21

அக்கா,

பையை ஸ்கேனர் மேல் கவிழ்த்துப் போட்டு ஸ்கேன் பண்ணினேன். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "மனுஷங்க படம் எடுத்துட்டு வருவாங்க, இவன் மூட்டையைத் தூக்கிட்டு வர்றான்." உள்பக்க ஓரத்தில் ஒரு விரல் அகலம் நல்லபடியாக இருந்தது. அதைத் தொட்டு எடுத்தேன். வெளுக்க வைத்ததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, மூலச் சாம்பல் மேல் இந்த நிறத்தை வைத்தேன்.

ஒரு இடத்திலும் அடம்பிடிக்கவில்லை அக்கா. தண்ணீர் மாதிரி போய்ப் படுத்துக்கொண்டது. மூக்குத்தண்டில் வெளிச்சம், கழுத்தில் நிழல், விரல் கணுக்கள், எல்லாம் தானாக வந்தது. முதல் படத்தில் அம்மா அழகாக இருந்தாங்க. இதில் களைப்பாக இருக்காங்க. மெஷினை ஏன் அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்காங்க என்று இப்போதுதான் பார்த்தேன். சாயாமல் இருக்க.

ஜோக் ஒன்று எழுத வந்தேன். வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே. நல்லவேளை இருந்தது. "இது எங்கேடா கிடைச்சுது?" என்றார். போட்டதா என்று கேட்கவில்லை அக்கா, கிடைச்சுது என்றார். நான் பாப்பா விஷயத்தைச் சொன்னேன். இதை அனுப்பப் போகிறேன் என்றேன். அவர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "முதல்ல அனுப்பினதே இருக்கட்டும். இது நம்ம வீட்டோட போகட்டும்."

"அக்கா பாவம்பா."

"நான் போய் அந்த வீட்ல இப்படின்னு சொல்லிட்டிருக்க முடியாதுடா" என்றார். எழுந்து போய் மோட்டார் போட்டார்.

ஹாலில் இன்னும் அந்தச் சோப்பு விளம்பரம்தான் மாட்டியிருக்கிறது. இந்தப் பிரதியை அவருக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். இந்தத் தடவை உன் பெயருக்கு.

வாலு


ஜூன் 2

தம்பி,

படம் வந்தது. அம்மாதான்.

பாப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சுப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஒரு மணி நேரம் எனக்கு இந்த வீட்டுல யாரும் தேவைப்படலை.

அப்புறம் அத்தைகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். அவங்க கண்ணாடி போட்டுப் பார்த்தாங்க. ஹால்ல இருக்கிறதைக் கழற்றிட்டு வந்து பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. "அதே படம், அதே மெஷின், அதே முகம். போன மாசம் வெள்ளை, இந்த மாசம் கருப்பு. உன் தம்பி கெட்டிக்காரன்"னாங்க. அவ்வளவுதான்.

உன் மாமாகிட்ட ராத்திரி காட்டினேன். "கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாமே"ன்னார். திட்டலை. சமாதானம் சொல்ற மாதிரி சொன்னார்.

பொய்யை நம்பினாங்க. நிஜத்தைத்தான் நீ தயார் பண்ணினதுன்னு சொல்றாங்க. நீ முதல்ல எதுவுமே அனுப்பாம இருந்திருந்தா, இதை அனுப்பியிருந்தா! சரி, அதை எழுதி என்ன.

வர்ற ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவோட அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. என்னைப் பத்திப் பேசத்தான். படம் எதுவும் வேண்டாம். நீ நேர்ல வா. அவங்க எல்லார் முன்னாலயும் நின்னு, "முதல் படத்துல நான்தான் வெள்ளை போட்டேன், எங்கம்மா கருப்பு"ன்னு வாயால சொல்லு. அவ்வளவுதான் உன் வேலை. அப்பா சொல்ல மாட்டார். அதைச் சொல்ல எனக்கு உன்னைவிட்டா ஆளில்ல.

கிண்டல் பண்ணாம, கோமாளித்தனம் பண்ணாம, ஒரே ஒரு தடவை.

அக்கா


ஜூன் 5

அக்கா,

வருகிறேன். இதற்கெல்லாம் கெஞ்சுவாயா நீ? பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று தயார் பண்ணிவிட்டேன். ஆரம்பத்திலேயே "பெரியோர்களே" என்று ஒரு போடு. அப்புறம் சாம்பல் என்றால் என்ன, கலர் என்றால் என்ன என்று விளக்கி, நாலு நிறத்தையும் அச்சடித்துக் கையில் கொடுத்து, "உங்கள் சம்பந்தி முகத்தில் இருப்பது சோப்பு" என்று முடிக்கிறேன். உன் மாமியார் வாயைத் திறந்தால் பார்! கல்யாணத்தில் பார்த்த அரைக்கால்சட்டைப் பையன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எனக்கு மீசை இருக்கிறது. குரலும் உடைந்துவிட்டது.

வெளுத்து வாங்குகிறேன். நீ டீ போட்டு வை.

வாலு


ஜூன் 13

ஞாயிற்றுக்கிழமை போச்சு. நீ வரலை.

நாலு டம்ளர் டீ கூடுதலா போட்டுட்டு வாசலையே பார்த்துட்டிருந்தேன்னு எழுதினா உனக்குச் சிரிப்பா இருக்கும். ஒரு டம்ளர்தான் கூடுதலா போட்டேன்.

குழந்தைக்கும் உன் மாமாவுக்கும் டி.என்.ஏ. பரிசோதனை எடுத்துப் பார்த்துடலாம்னு அவர் அண்ணன் சொன்னார். அத்தை "என் திருப்திக்கு இல்ல, ஊர் வாயை அடைக்க"ன்னாங்க. உன் மாமா தலையை ஆட்டினார். முடியாதுன்னு சொன்னா அதுவே பதிலாயிடும். அதனால சரின்னுட்டேன். வர்ற வாரம் எடுக்கறாங்க.

முடிவு என்னன்னு எனக்குத் தெரியும். அது வந்த உடனே எல்லாரும் சிரிச்சுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி சாப்பிட உட்காருவாங்க. நான்தான் பரிமாறணும்.

உன்மேல கோபமெல்லாம் இல்ல. அப்பா பிள்ளைதானே நீயும். இனிமே எழுதாதே.


ஜூன் 17

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நான் வந்தேன்.

அப்பா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, முதல் பஸ் பிடித்து, நாலு நிறத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் முழுக்கப் 'பெரியோர்களே' சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்காரர் இடம் மாறி உட்கார்ந்தார். உங்கள் கேட்டைத் திறந்தபோதுகூட தைரியமாகத்தான் இருந்தேன்.

அத்தை கதவைத் திறந்தாங்க. இடுப்பில் பாப்பா. முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்த மெஷின் பக்கத்தில் நிற்கிறவங்க மாதிரியே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "யாருப்பா?" என்றாங்க அத்தை, மெதுவாக. நீ சொன்ன அதே மெதுவில்.

"கேபிள் டிவி கனெக்‌ஷன் சரியா வருதான்னு பார்க்க வந்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அதுவாக வந்தது. அத்தை நம்பிவிட்டாங்க. "கொஞ்ச நாளா புள்ளி புள்ளியாத்தான் வருது, உள்ள வா"ன்னு கூப்பிட்டாங்க. வேறு வழியில்லாமல் வந்தேன். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தாங்க. தலைக்கு மேலே என் கைவண்ணம். நீ சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், பாத்திரச் சத்தம் கேட்டது. நான் டிவிக்குப் பின்னால் மண்டியிட்டு, எது என்று தெரியாமல் ஒரு வயரைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்த அண்ணன் "பரிசோதனை" என்ற வார்த்தையைச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது எழுந்து நின்றிருந்தால் போதும். "பெரியோர்களே"கூட வேண்டாம்.

மாமா என்னையே பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாங்க. குடித்துவிட்டு, "இனிமே நல்லா தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருமுனை வரைக்கும் நடந்து, அப்புறம் ஓடினேன்.

அப்புறம் அக்கா, அன்றிலிருந்து உங்கள் டிவி தெரியவில்லை என்றால், அதுவும் நான்தான்.